சாமிகளைத் தார் வீதிக்கு அனுப்பியவர்களுக்கு

வயல்வழிப் பாதையை மூடச் சொல்லிக் கையெழுத்து வைத்த அதிகாரிகளுக்கும், அந்தக் கூட்டத்தில் இருந்துவிட்டு வாய் திறக்காமல் எழும்பி வந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும்,

இந்த வருடம் வைகாசிக் கடைசியில் ஒரு நாள், கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற சாமிகள் 150 பேருக்குச் சோறு சமைத்து வைத்துக்கொண்டு, திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் எங்கள் வளவில் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை.

விடிய நாலு மணிக்கே அடுப்பு மூட்டியாயிற்று. சம்பாச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், ஒரு பெரிய வாளி மோர். வழக்கமாக எட்டரை மணியளவில் வாய்க்கால் கட்டு வளைகிற இடத்தில் வேல் தெரியும். அதற்கு முன்னமே அரோகராச் சத்தம் வந்துவிடும். வெட்ட வெளியில் சத்தம்தான் முதலில் வரும், ஆட்கள் அப்புறம்தான். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, சத்தமும் இல்லை வேலும் இல்லை. மூத்தவனை மோட்டார் சைக்கிளில் அனுப்பினேன். திரும்பி வந்தவன், "அம்மா, வாய்க்கால் கட்டை பெக்கோ மெசினால வெட்டிப் போட்டிருக்கு. சங்கிலி போட்டுப் பூட்டும் போட்டிருக்கு. சாமிமார் எல்லாரையும் மெயின் ரோட்டால விட்டிருக்கினம்" என்றான்.

சோற்றுக் கிடாரத்தை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு பிரதான வீதிக்குப் போனோம். பாதிப் பேர் அதற்குள் எங்களைக் கடந்து போய்விட்டார்கள். மிச்சப் பேருக்குப் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்தில் வைத்துச் சோறு கொடுத்தோம். உட்கார இடமில்லை, நின்றபடியே சாப்பிட்டார்கள். ஒவ்வொரு மணல் டிப்பரும் போகும்போது இலையைக் கையால் மூடினார்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், எழுபது வயது தாண்டியவர், எனக்கு ஏழு வருடப் பழக்கம். எங்கள் கிணற்றடியில்தான் ஒவ்வொரு வருடமும் கால் கழுவுவார். அவருடைய இரண்டு உள்ளங்காலும் தோல் உரிந்து கிடந்தன. என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, உங்கட வீடு எங்க? மருத மரமெல்லாம் எங்க? நாங்கள் இன்னும் உங்கட ஊருக்கு வரேல்லையோ?"

என் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீற்றரில் நின்றுகொண்டுதான் அப்படிக் கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? அந்தப் பதிலை நீங்கள் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டின் தொடக்கத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை நின்று வாசித்தேன். தமிழ்ப் பகுதி அடியில், சின்ன எழுத்தில். பாதயாத்திரையைப் "பாதயாத்தரை" என்று எழுதியிருந்தீர்கள். அது போகட்டும். மூன்று காரணம் சொல்லியிருந்தீர்கள்: யாத்திரிகர்களின் பாதுகாப்பு, காட்டு யானை, விவசாயிகளின் முறைப்பாடு.

கடைசிக் காரணத்தை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. எனக்கும் அந்த வெளியில் இரண்டரை ஏக்கர் உண்டு. போன வருடம் சாமிகள் போன பிறகு எங்கள் பக்கத்து மதகுக்குள் இருந்து ஒரு உரப்பை நிறையப் பிளாஸ்டிக் போத்தலும் சோறு சுற்றுகிற லஞ்ச் சீற்றும் எடுத்தோம். இரண்டு இடத்தில் வரம்பு இடிந்து, மேல்வயல்காரரின் தண்ணீர் கீழ்வயலுக்குள் பாய்ந்துவிட்டது. முறைத் தண்ணீர்க் காலத்தில் அது சின்ன விசயம் இல்லை. நான்கு நாளுக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர் தவறினால் பயிர் முகம் வாடிவிடும். முறைப்பாடு செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரம்புகளைக் கட்டியது யார் என்று ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லைப் போலிருக்கிறது. பின்னேரமே கோயில் பொடியன்கள் ஆறு பேர் மண்வெட்டியோடு போய்க் கட்டிக் கொடுத்தார்கள். முறைப்பாட்டில் இருந்தது இரண்டு வரம்பும் ஒரு மதகும். அதற்காக நீங்கள் மூடியது முழுப் பாதையையும்.

இன்னொன்று. பத்து வருடத்துக்கு முன் சாமிகள் வரம்பில் ஏறவே தேவையிருக்கவில்லை. வாய்க்கால் கட்டு இரண்டு மாட்டு வண்டி விலத்திப் போகிற அகலத்தில் இருந்தது. இரு பக்கமும் வேலி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து நகர்ந்துதான் அது இப்போது ஒரு ஆள் போகிற ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. யார் வேலி நகர்ந்தது என்று ஊருக்குத் தெரியும். முறைப்பாட்டில் முதலாவது கையெழுத்து யாருடையது என்றும் ஊருக்குத் தெரியும். நான் பெயர் எழுதப் போவதில்லை. அளந்து பாருங்கள், அவ்வளவுதான்.

யானை. எங்களுக்கு யானையைப் பற்றி நீங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. இரவுக் காவலுக்குப் பரணில் படுக்கிறவர்கள் என் அண்ணன் தம்பிமார். நேற்றிரவு யானை எந்தக் குளக்கட்டில் நின்றது, எந்தப் பக்கம் இறங்கியது என்று விடியும் முன், வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிற வேல்சாமியிடம் போய்ச் சொல்வது அவர்கள்தான். சாமிகள் நடப்பது விடியற்காலையில் இருந்து பத்துப் பதினொரு மணி வரை. பிறகு ஒரு கோயிலில் தங்கிவிடுவார்கள். இரவில் வயலுக்குள் ஒருவரும் நடப்பதில்லை. இதே யாத்திரிகர்கள் இன்னும் சில வாரங்களில் உகந்தை போய்ச் சேர்ந்ததும், யானையும் கரடியும் சிறுத்தையும் உள்ள குமண, யாலக் காட்டின் பாதையை அரசாங்கமே திகதி குறித்துத் திறந்துவிடும். ஆயிரக்கணக்கான பேர் கும்புக்கன் ஆற்றைக் கடந்து நாள்கணக்காகக் காட்டுக்குள் நடப்பார்கள். காட்டுக்குள் போகலாம், ஈச்சிலம்பற்று வயலுக்குள் மட்டும் யானைக்குப் பயந்து போகக் கூடாதா?

அப்புறம் பாதுகாப்பு.

நான் வெருகலில் இருந்து கதிர்காமம் வரை மூன்று தடவை நடந்தவள். மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று ஒவ்வொரு நிலமும் காலுக்குத் தனித்தனியாகத் தெரியும். மணல் காலை இழுக்கும், ஆனால் சுடுவதற்கு நேரம் எடுக்கும். வயல் கட்டு மண் பத்து மணிக்கும் குளிர்ச்சியாகவே இருக்கும், பக்கத்தில் தண்ணீர் ஓடுகிறதே. தார் அப்படியில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஒன்பது மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். சாமிகளில் அரைவாசிப் பேர் செருப்புப் போடாமல் நடப்பவர்கள், அது அவர்களுடைய நேர்த்தி. தோல் உரிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பார்களே தவிர, செருப்பை வாங்கிக் கொடுத்தாலும் போட மாட்டார்கள்.

வாகனங்களைப் பற்றியும் சொல்கிறேன். அன்று சோறு கொடுத்து முடித்த பிறகு அந்தத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து எண்ணினேன். பதினொன்றில் இருந்து பன்னிரண்டு வரை 31 டிப்பர், 14 பஸ், வான்களும் மோட்டார் சைக்கிள்களும் எண்ணிக்கையில் இல்லை. வீதியோரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு ஆள் நடக்கிற அகலம்கூட இல்லை, உடனே சரளைக் கல்லும் பள்ளமும். அந்தக் கோட்டின் மேல் வயதானவர்கள் தலையில் பொட்டலத்தோடு ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். சீருடையில் நின்ற ஒரு தம்பி, பாவம், அவருக்கும் சின்ன வயது, "நிற்காமல் போங்கோ, நிற்காமல் போங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மயங்கி விழுந்த ஒரு அம்மாவைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றியபோதும் அவருக்கு வாயில் வந்தது அதே சொல்தான். அந்த அம்மா தண்ணீர் குடித்து எழும்பிவிட்டார், முருகன் செயல். வயல்வழியில் நடந்த இத்தனை வருடத்தில் ஒரு வாகனம் ஒரு சாமியை உரசியதாகக் கேள்விப்பட்டதில்லை. அங்கே வாகனமே கிடையாது.

இதெல்லாம் சாமிகளின் கஷ்டம். அவர்கள் கஷ்டப்படுவதற்கென்றே புறப்பட்டவர்கள், தாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலை எடுத்துக்கொண்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று கிழக்குக் கரை முழுவதும் இறங்கி வருகிறவர்களுக்கு உங்கள் தார் வீதி இன்னொரு சோதனை, அவ்வளவுதான். எனக்குப் பொறுக்காதது எங்கள் ஊர்களுக்கு நீங்கள் செய்தது.

எங்கள் அம்மா 1983 க்கு முன் சாமிகளுக்கு மோர் கொடுத்தவர். அப்போது கிண்ணியாவில் பாலம் இல்லை, வெருகலில் பாலம் இல்லை. துறைக்குத் துறை பாதை ஏறித்தான் வர வேண்டும். மிதந்து போகிற பாதையைச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் அதற்கும் அதே பெயர்தான். கலவரத்தோடு நடை நின்றுபோயிற்று. அம்மா மோர்ப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு வைகாசிக்கும் எடுத்துக் கழுவி மறுபடி கவிழ்த்து வைப்பார். 2006 இல் நாங்கள் வாகரைப் பக்கமாக ஓடியபோது அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பானையும் இல்லை. எங்கள் வாசலுக்கு மறுபடி வேல் வந்தது போர் ஓய்ந்த பிறகுதான். வேலுக்குப் பின்னால் வந்தவர்கள் பதினெட்டோ இருபதோ பேர். அம்மாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. சத்தத்தைக் கேட்டுத்தான் எழும்பினார். அந்த வருடம் எங்களிடம் மோர் இல்லை, மாடு இல்லை. பச்சைத் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து கொடுத்தோம்.

அன்றையில் இருந்து எங்கள் ஊரில் நல்லது கெட்டது எதற்கும் கணக்கு அந்த நாள்தான். சாமி வருவதற்கு முன் கூரை வேய வேண்டும், சாமி வந்து போன பிறகு பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். சண்டை பிடித்துப் பேசாமல் இருக்கிற இரண்டு வீட்டுக்காரர் அன்று ஒரே கிடாரத்தில் துடுப்புப் போடுவார்கள். அடுத்த நாள் மறுபடி பேச மாட்டார்கள் என்பது வேறு கதை. பிள்ளையில்லாதவர்கள் கால் கழுவிவிடுவார்கள். நோயாளியைக் கட்டிலோடு தூக்கி வாசலில் வைப்பார்கள், வேல்சாமி நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போவார். பாலைப்பழக் காலம் என்றால் வெருகல் பக்கத்து வேடர் குடும்பங்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து வைப்பார்கள். வள்ளி தங்கள் வீட்டுப் பெண், அவளைக் கட்டியவனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வெறுங்கை காட்டலாமா என்று கேட்பார்கள். மூதூர்ப் பக்கம் முஸ்லிம் கடைக்காரர்கள் தேத்தண்ணீருக்குக் காசு வாங்க மாட்டார்கள், என் கண்ணால் கண்டிருக்கிறேன். கதிர்காமத்தில் பள்ளிவாசலும் இருக்கிறதல்லவா, அவர்களுக்கும் அங்கே பங்கு உண்டு.

வீதிக்குச் சாமிகளை மாற்றியபோது இந்த முற்றங்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டீர்கள். கட்டோடு எங்களூரோடு சேர்த்து ஐந்து ஊர். ஐந்து ஊரிலும் அன்று சமைத்திருந்தார்கள். எங்களுக்கு லேண்ட்மாஸ்டர் இருந்தது, கொண்டுபோனோம். மற்ற ஊர்களில் சோற்றை மாட்டுக்கு வைத்ததாகச் சொன்னார்கள்.

பாரிசில் இருக்கும் என் தங்கையின் மகள், ஸ்பெயினில் சந்தியாகோ என்ற கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற நடையை 2019 இல் நடந்தாள். இரண்டு சமயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சம்பந்தம் மண்ணில் இருக்கிறது. அந்த வழியில் புர்கோசுக்கும் லியோனுக்கும் இடையில் கிட்டத்தட்ட 180 கிலோமீற்றர் மெசெட்டா என்கிற மேட்டு வெளியாம். ஒரே கோதுமை, தட்டை நிலம், நிழல் கிடையாது. அலுப்பாக இருக்கிறது என்று பலர் அந்தத் துண்டை மட்டும் பஸ்ஸில் கடந்துவிடுவார்களாம். ஆனாலும் வயல்காரர்களின் உழவுப் பாதைதான் அங்கே யாத்திரைப் பாதை. நெடுஞ்சாலையை ஒட்டிப் போகிற இடங்களில் நடப்பவர்களுக்கென்று தனியாக மண் பாதை போட்டு, ஓரத்தில் மரம் நட்டிருக்கிறார்கள். 1980 களில் ஒரு ஊர்ப் பாதிரியார் மஞ்சள் பெயின்ற் வாளியும் தூரிகையுமாகப் போய் அம்புக்குறி கீறத் தொடங்கினாராம். அந்த மஞ்சள் அம்பைப் பார்த்துக்கொண்டுதான் இன்றைக்கும் நடக்கிறார்கள். 1993 இல் அந்தப் பாதை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

அவ்வளவு தூரம் போவானேன். எங்களுக்குப் பக்கத்தில் சேருவில பௌத்த விகாரை இருக்கிறது. அங்கிருந்து மகாவலிக் கரையோரமாகச் சிவனொளிபாத மலை வரை போகிற பழைய யாத்திரைப் பாதையை 2010 இல் நம்முடைய நாடே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நல்ல காரியம், எனக்கு அதில் பொறாமை கிடையாது. பாதையும் மரபுதான் என்று அரசாங்கத்துக்கு விளங்கியிருக்கிறது என்பதற்கு அது எழுத்தில் இருக்கிற சாட்சி. அதே மகாவலித் தண்ணீர் பாய்கிற அடுத்த வயலுக்குள்ளால் போகிற பாதையை அதே மாவட்டத்தில் பெக்கோ வைத்து வெட்டுகிறீர்கள்.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வளைவில் நின்ற ஏழு மருத மரத்தில் ஐந்து போய்விட்டது. கட்டை அகலப்படுத்த வெட்டியதாக ஒருவர் சொன்னார். பாதையை மூடுவதற்கு எதற்கு அகலப்படுத்த வேண்டும்? பலகை எங்கே போனது என்று கேட்டதற்கு ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மருதில் அம்மாவின் கைக்கு எட்டிய உயரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடிமரம் மட்டும் இப்போது இருக்கிறது, துணியையும் காணோம்.

சரி. எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

ஆவணியில் வெருகல் திருவிழா. அதற்கு மூதூர், சம்பூர்ப் பக்கத்தில் இருந்து எங்கள் சனம் இதே கட்டால்தான் நடந்து போகும். கொடியேறுவதற்கு முன் சங்கிலியை எடுத்து, வெட்டின பள்ளத்தில் குழாய் வைத்து மூடித் தாருங்கள். தண்ணீர் போகவும் வேண்டும், ஆள் போகவும் வேண்டும். இது இரண்டு நாள் வேலை, வெட்டுவதற்கு அரை நாள்தான் எடுத்தது.

நில அளவையாளரை அனுப்பிக் கட்டின் அகலத்தை அளந்து, பொதுப் பாதை என்று பதிவில் போடுங்கள். அளக்கிற நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், ஊர் முழுவதும் வந்து நிற்கும். உள்ளே வந்த வேலிகள் எதுவானாலும், என் அண்ணனுடையதாக இருந்தாலும், திரும்பிப் போகட்டும்.

அடுத்த வருடத்தில் இருந்து யாத்திரை வருகிற திகதியை சிறுபோக ஆரம்பக் கூட்டத்திலேயே எடுத்துப் பேசுங்கள். தண்ணீர் திறக்கிற நாளை அங்கேதான் முடிவு செய்கிறீர்கள். அந்த இரண்டு நாளும் எங்கள் வாய்க்காலுக்கு முறை வராமல் தள்ளிப் போட்டால் வரம்பு ஈரமாக இருக்காது, இடியாது. வயல்காரரும் வேல்சாமியும் ஒரே மேசையில் இருந்து பேசினால் முறைப்பாடு எழுதக் காகிதம் தேவைப்படாது. அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற பெண்கள் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். இது வரை கூப்பிட்டதில்லை.

குப்பைக்கு நாங்கள் பொறுப்பு. பந்தலுக்குப் பந்தல் உரப்பை கட்டுவோம், பிளாஸ்டிக் போத்தலுக்குப் பதில் குடமும் சிரட்டையும் வைப்போம், லஞ்ச் சீற்றுக்குப் பதில் வாழையிலை. உடைந்த வரம்பை அன்று பின்னேரமே கட்டித் தருவோம், அதை எழுத்தில் தரவும் தயார். உங்களிடம் கேட்பது, கட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு தண்ணீர் பவுசரும், பெண்களுக்கு மறைவான தற்காலிக மலசலகூடம் நான்கும், இரண்டே இரண்டு நாளைக்கு.

ஐந்து மருதங்கன்று. மாரி மழைக்கு முன் நட வேண்டும். கன்று நாங்களே தருகிறோம், வெட்டக் கூடாது என்ற கடிதம் மட்டும் உங்களிடம் இருந்து வேண்டும். வெட்டிய பலகைக்கு என்ன கணக்கு என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

பதிலை எழுத்தில், தமிழில் அனுப்புங்கள். கட்டு வெட்டிய இடத்தில் உங்கள் அறிவித்தல் ஒட்டியிருந்த பலகை இன்னும் வெறுமையாக நிற்கிறது. வந்ததும் அதிலேயே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் மோர்ப் பந்தல் போடுகிற ஒருத்தி